ஐந்தாவது சீட்டு

சீட்டில் பதினைந்தாம் தேதி போட்டிருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உரத் தொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து முதல் தடவையாக உரம் அள்ளிக்கொண்டிருந்தாள் அவள். நான்கு மாதம் பொறுத்திருந்து கிடைத்த உரம். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது, மழை விட்ட மண்ணின் வாசனை அடித்தது, உள்ளே கையை விட்டால் இளஞ்சூடாகக்கூட இருந்தது. அதற்குள்ளிருந்துதான் அந்த டீ பேக் வந்தது. தூளெல்லாம் போய் வலை மாதிரி நைந்த வெறும் பை, அதிலிருந்து தொங்கும் பழுப்பேறிய நூல், நூலின் முனையில் கட்டைவிரல் நகத்தளவு சீட்டு. கறுப்புப் பேனாவில் தேதி, மாதம், வருடம் மூன்றும் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து 2 என்று போட்டிருந்தது. மாதமும் வருடமும் சரியாக இருந்தன. நாள்தான் இன்னும் வரவில்லை.

கையெழுத்து யாருடையது என்று யோசிக்கவே தேவையில்லை. அவள் கணவர் பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்து மூன்று மாதம் முன்புதான் ஓய்வு பெற்றார். பாக்கெட்டில் காலாவதித் தேதி ஒரே ஒரு நாள் பிசகியதற்காக ஒரு லாரிச் சரக்கையே திருப்பி அனுப்பிய மனிதர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், பரிசோதனையிலிருந்து இல்லை. இப்போது அவருக்குப் பரிசோதிக்கக் கிடைத்தது வீடும் அவளும். பால் எத்தனை நிமிடத்தில் பொங்குகிறது, பாத்திரம் எந்த வரிசையில் கவிழ்க்கப்படுகிறது, போர்வை எந்தப் பக்கமாக மடிக்கப்படுகிறது என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்து, கடைசியில் அவளுக்கென்று மிச்சமிருந்த பின்பக்கத் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தார்.

தோட்டத்தின் மூலையில் உரத் தொட்டியாக ஒரு கறுப்பு டிரம், அடிப்பாகம் இல்லாமல் நேராக மண்மேல் உட்கார்ந்திருந்தது. அவள் நெஞ்சு உயரம். மேல் மூடியைத் திறந்து போட வேண்டும், கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து எடுக்க வேண்டும். மேலே போட்டது கீழே வந்து சேர மூன்று மாதமாவது ஆகும். டீ பேக் என்றால் நூலை அறுத்து, பின்னைப் பிடுங்கி, பையைக் கிழித்துத் தூளை மட்டும் கொட்டுவது அவள் வழக்கம். போன மாதம் வாங்கிய புது டப்பாவில் பையும் மக்கும் என்று போட்டிருந்ததால் பையையும் சேர்த்துப் போட ஆரம்பித்தாள். அது மக்காது என்று அவர் சொன்னார். மக்கும் என்று அவள் சொன்னாள். மறுநாளிலிருந்து குடித்த ஒவ்வொரு டீ பேக்கையும் நூல், பின், சீட்டோடு அப்படியே தொட்டியில் போடத் தொடங்கினார், சீட்டில் தேதியும் அன்றைக்கு எத்தனையாவது டீ என்ற எண்ணும் எழுதி. ஒரு நாளைக்கு ஆறு டீ. ஆறு, எட்டு, பதினொன்று, இரண்டு, நாலரை, ஏழு. கடிகாரம் வேண்டுமானால் பிசகலாம், அவருடைய டீ பிசகாது.

ஆக, அவருடைய சீட்டுகள் ஒரு மாதமாகத்தான் தொட்டிக்குள் இருந்தன. மேலே இருக்க வேண்டியவை. அடிக்கதவு வழியாக வருவதற்கு வழியே இல்லை.

சமையலறையில் அவர் எட்டு மணி டீயோடு இருந்தார். பையைக் கரண்டியில் வைத்து, நூலைச் சுற்றி இறுக்கிப் பிழிந்து, கரண்டியால் கோப்பை விளிம்பில் மூன்று தட்டு தட்டினார். டிங், டிங், டிங். முப்பது வருடமாக அதே மூன்று தட்டு. முன்பெல்லாம் காலையில் ஒரு தடவைதான் கேட்கும், மிச்சத்தைத் தொழிற்சாலையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இதப் பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நூல் அப்படியே இருக்கு, பை அப்படியே இருக்கு. நான் அன்னிக்கே சொன்னேன்."

"பைய விடுங்க. தேதியப் பாருங்க."

பார்த்தார். மலர்ந்த முகம் சுருங்கியது.

"இது நான் எழுதினதில்ல. நான் தேதி தப்பா எழுத மாட்டேன்."

"உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்து மாதிரி இருக்கு. லேப்ல நாள் பூரா லேபிள் எழுதறவ நீ. யாரு கையெழுத்து வேணும்னாலும் உனக்கு வரும்." கோப்பையை எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "சோதனையக் கெடுக்கணும்னு பாக்கற. தோத்துட்டா தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்."

அவளுக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரு குழாயில்கூட லேபிள் மாறியதில்லை. லேபிள் அக்கா என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். தேதியை எழுதி அடியில் இரண்டு கோடு, நேரத்தை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம், எல்லாம் பச்சைப் பேனாவில். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அந்தக் கையைப் பார்த்தா இப்படி ஒரு சொல். பதில் சொன்னால் மதியம்வரை இழுக்கும் என்று தெரிந்ததால், சீட்டை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் தேதி வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். எட்டு மணி டீயைப் பார்ப்பதற்காகவே வாசல்படியில் செருப்பு வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். அவர் பிழிந்தார், தட்டினார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் சீட்டைச் சமையல் மேடையில் வைத்துத் தேதி எழுதினார். ஈரம் பட்டு 2 என்ற எண்ணின் வால் ஊறி ஒரு புள்ளியாகப் பரவியது. உச்சுக் கொட்டிக்கொண்டு சீட்டைத் தூக்கியபோது அதன் இடது முனை பின்னில் மாட்டிக் கிழிந்தது.

அவள் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். அதே புள்ளி. இடது முனையில் அதே கிழிசல். ஒன்று நனைந்து வெள்ளையாக இருந்தது, ஒன்று மண்ணில் கிடந்து பழுத்திருந்தது. இரண்டும் ஒரே சீட்டு.

"இங்க பாருங்க. தயவு செஞ்சு ஒரு நிமிஷம் பாருங்க."

"உனக்கு லேட் ஆகலையா?" என்று கேட்டுவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். டிரம்மின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கீழ்க் கதவின் முன்னால் மண்டியிட்டாள். கை முழங்கைவரை உள்ளே போனது. பதினாறாம் தேதிச் சீட்டு கிடைத்தது. அதற்கும் உள்ளே பதினேழு. உள்ளே போகப் போக நாளும் முன்னால் போனது, உரத்தின் சூடும் ஏறியது, கடைசியில் காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்த மாதிரி இருந்தது. இருட்டும்வரை எடுத்து, பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினாள். பதினாறுக்கு ஆறு. பதினேழுக்கு ஆறு. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, எல்லாவற்றுக்கும் ஆறு ஆறு. இருபத்தொன்றுக்கு நான்கு.

தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். அதற்குக் கீழே கெட்டியான தரைதான் தட்டுப்பட்டது. இருபத்தொன்றில் ஐந்தாவது இல்லை, ஆறாவது இல்லை. இருபத்திரண்டு என்று ஒன்றுமே இல்லை.

அடுப்பு பற்றியெரிந்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் அணைப்பார். அப்படிப்பட்டவர் நாலரை மணி டீயைக் குடிக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எத்தனை எரிச்சல் மூட்டினாலும் அவர் அவளுடைய மனிதர். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்தபோது ஒரு கணம் அந்த வீடு மிக அமைதியாக இருந்தது, அந்த அமைதி ஒரு கணம் இதமாகவும் இருந்தது. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். மகள் சிரித்துவிட்டாள்.

"அம்மா, அப்பா உன்ன வெறுப்பேத்தறார். அவ்ளோதான். அவருக்கு வேற வேலை இல்ல."

"எழுதாத சீட்ட எப்படிம்மா முன்னாடியே போட முடியும்?"

"முன்னாடியே எழுதிப் போட்டிருப்பார். நீ தூங்கும்மா முதல்ல. ரெண்டு பேரும் ஒரே வீட்ல அடைஞ்சு கிடந்தா இப்படித்தான் ஆகும்."

பதினாறாம் தேதி காலையில் அவரை வற்புறுத்தி லேபுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தாள். ஊசி போட்ட இடத்தைப் பார்த்து, பஞ்சு சின்னதாக இருக்கிறது என்றார். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், இதயம், எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி. அன்று சாயங்காலம் அவருடைய நீலக் கட்டச் சட்டையில் இரண்டாவது பொத்தான் அறுந்தது. வெள்ளை நூல் தீர்ந்திருந்ததால் சிவப்பு நூலில் தைத்தாள். "தரம் இல்ல," என்று அதற்கும் ஒரு தீர்ப்பு. ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

டீ டப்பாவை ஒளித்து வைத்தாள். அவர் கடைக்குப் போய் இரண்டு டப்பா வாங்கிவந்தார். காகிதத்தில் அடுக்கிய சீட்டுகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, பைகள் எதுவும் மக்கவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டார். தேதி என்று வாயெடுத்தால், எழுதினது நீ, எனக்கெதுக்குச் சொல்ற என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தினமும் அவர் எழுதிய சீட்டைக் காகிதத்தில் இருந்ததோடு ஒப்பிட்டாள். பத்தொன்பதின் மூன்றாவதில் டீக்கறை வளையம். இருபதின் முதலாவதில் பத்தொன்பது என்று எழுதத் தொடங்கி அடித்துத் திருத்தியது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

இருபத்தொன்று செவ்வாய்க்கிழமை. லீவு போட்டாள்.

ஏணியை முந்தின நாளே பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள். கத்திகளைத் துணியில் சுருட்டிப் பீரோவில் பூட்டினாள். ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். குளியலறைத் தரையை இரண்டு தடவை தேய்த்து, துடைத்துக் காயவைத்தாள். அவர் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே போனாள்.

"நான் என்ன கைக்குழந்தையா? கக்கூஸ் வாசல்ல வந்து நிக்கற."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க."

"ஒரு நாளா? மூணு மாசமாப் பொறுத்துக்கிட்டிருக்கேன். வீட்ல ஒண்ணுமே சரியா நடக்கல, வாயத் திறந்து சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற."

யார் யாரைப் பொறுத்துக்கொள்வது என்று கேட்க வந்ததை விழுங்கினாள். ஆறு மணி டீ. டிங், டிங், டிங். எட்டு மணி. பதினொன்று. சாப்பிட்டதும் சட்டையில் குழம்பு பட்டது என்று மாற்றிக்கொண்டு வந்தார். நீலக் கட்டம். இரண்டு மணிக்கு நான்காவது டீ. சீட்டை எழுதி, தோட்டத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார். அவர் மார்பு ஏறி இறங்குவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு நூல் ஏறியது, இறங்கியது.

மூன்றே முக்கால் ஆனது. வெளியே மழைக்கு மூட்டம் போட்டு, பின்வாசல் வழியாக அந்த வாசனை வந்தது. மண்ணும் டீயும் கலந்த வாசனை. அவளால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எதிலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாமல் எப்படிக் காப்பாற்றுவது? நான்காவது சீட்டுக்குக் கீழே இருந்தது கெட்டித் தரை என்று கையை எடுத்துவிட்டாள். தரைக்குக் கீழே அவள் பார்க்கவே இல்லை.

அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள்.

டிரம்மை அசைத்து அசைத்துச் சாய்த்தாள். அரை மக்கலாக இருந்ததெல்லாம் செடிகள்மேல் சரிந்தது. டிரம் இருந்த இடத்தில் வட்டமாகக் கறுத்த தரை. அதிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. சூடு அங்கிருந்துதான் வந்திருக்கிறது, இத்தனை நாளும், மேலிருந்து இல்லை.

வெட்டினாள். தரை கெட்டி இல்லை. மேலே மிதித்து இறுக்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ மெத்தென்று பட்டது.

துணி.

கையால் மண்ணைத் தள்ளினாள். கட்டம் போட்ட துணி. நிறம் போயிருந்தது. நனைத்துத் துடைத்தபோது நீலம் தெரிந்தது.

ஒரு பொத்தான். வெள்ளை நூல்.

அதற்குக் கீழே இன்னொரு பொத்தான். சிவப்பு நூல்.

துணிக்குள் ஏதோ இருந்தது. அகலமாக. சூடாக. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் மண்ணுக்குள் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

சிவப்பு நூல் பொத்தானில் ஒரு டீ பேக் நூல் கட்டியிருந்தது. முனையில் சீட்டு. சீட்டில் ஐந்து என்ற எண் இல்லை. அவர் எழுதுவது மாதிரியே இல்லை. தேதி இருபத்தொன்று. அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் நேரம், 4.40. நேரத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

பச்சை மை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு முப்பத்தாறு.

டிங். டிங். டிங்.

பின்வாசலில் அவர் நின்றிருந்தார். ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் சொட்டுச் சொட்டாக வடியும் டீ பேக்.

"டிரம்ம ஏன் சாய்ச்ச? என் சாம்பிளெல்லாம் கலந்துபோச்சே." படியிறங்கி வந்தார். "ஒரு மாசம். ஒரு மாசச் சோதனை. வேணும்னேதானே பண்ணின?"

"உள்ள போங்க."

"முடிவு தெரிஞ்சுபோச்சு, அதான் கலைச்சுட்ட. இந்த வீட்ல ஒரு வேலைய ஒழுங்காச் செய்ய விடறியா நீ?"

"உள்ள போங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்றைக்குப் போட்டுக்கொண்டார்? பக்கத்தில் வந்து நின்று, பையை நூலைப் பிடித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என் பேனா தீந்துபோச்சு. தேடினதுல அஞ்சாவது டீ அஞ்சு நிமிஷம் தள்ளிப்போச்சு. நீயே எழுதிடு. ஒழுங்கா எழுது."

வாங்கக் கூடாது என்று நினைத்தாள். கை வாங்கிக்கொண்டது. எழுதக் கூடாது. வேலைப் பழக்கத்தில் இடுப்பில் செருகியிருந்த பச்சைப் பேனாவை விரல்கள் எடுத்தன, மூடியைப் பல் கடித்து இழுத்தது. தேதி. ஒரு கோடு. இன்னொரு கோடு. கண் தானாகவே கடிகாரத்துக்குப் போனது.

நான்கு நாற்பது.

வட்டம்.

"நேரமெல்லாம் எதுக்கு எழுதற? நம்பர் எங்க? அஞ்சுன்னு போடணும்னு எத்தன தடவ சொல்றது?" கோப்பையைச் சாய்ந்த டிரம்மின்மேல் வைத்தார். அப்போதுதான் குழியைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்னது அது? துணியா? துணியப் போய் இதுலயா போடுவாங்க?"

அவள் இடது கையில் நூல் ஆடியது. வலது கை மண்வெட்டியை எப்போது எடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடி சூடாக இருந்தது. குழிக்குள் இருந்ததைத் தொட்டபோது இருந்த அதே சூடு.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் அவர், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி. "மக்காதுன்னு."

இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக அவர் குனிந்தார். காலருக்கு மேலே பின்கழுத்து வெள்ளையாகத் தெரிந்தது.